ஒன்பதும் இரண்டும்

சற்று நீண்ட பதிவு. ஆய்வுலகிற்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் சில அடிப்படைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அவற்றை அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நம் செய்தித்தாள்களில் ஒரு செய்தி தவறாமல் வரும்: 'உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர்கள் பட்டியலில் இன்ன கல்லூரிப் பேராசிரியர்கள் இத்தனை பேர்.' கல்லூரி வாயிலில் பதாகை எழும். தாளாளர் பொன்னாடை போர்த்துவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் தரவுத்தளத்தைக் கொண்டு உருவாக்கும் பட்டியல் அது. அவர்கள் ஆய்வாளர்களை 22 துறைகளாகவும் 174 உட்துறைகளாகவும் பிரிக்கிறார்கள். ஒட்டுமொத்த வரிசையில் முன்னிற்பவர்களோடு, தத்தம் உட்துறைக்குள் முதல் 2 விழுக்காட்டில் வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருவரை யாரோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்விக்கான விடை அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. செய்தியில் விடுபடுவதும் அதுவே.

பிரிப்பு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைச் சென்ற ஆண்டு அருகிலிருந்து பார்த்தேன். தமிழகத்துக்கு வெளியே ஓர் ஆய்வு நிறுவனத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இறுதியாண்டு ஆய்வாளர்களுக்கான பயண நல்கைக்கு எல்லாத் துறையினரும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஸ்கோபஸில் இடம்பெற்ற கட்டுரைகள் எத்தனை, மொத்த மேற்கோள்கள் எத்தனை, எச் குறியீட்டெண் எவ்வளவு என மூன்று கட்டங்கள். மூன்றையும் கூட்டி ஒரே தரவரிசை. வேதியியல், உயிரியல், கணிதம், வரலாறு, மொழியியல் எல்லாம் ஒரே ஏணியில். என் அறைத்தோழி, விருதுநகர்க்காரி, மின்தேக்கிகளுக்கான மின்முனைப் பொருள்களை ஆராய்பவள், முதல் பக்கத்தில் இருந்தாள். நான் கடைசிப் பக்கத்தில். அவளுடைய எச் எண் 9, என்னுடையது 2.

எச் குறியீட்டெண் என்பது எளிய கணக்கு. ஒருவரின் கட்டுரைகளில் ஒன்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்பது முறை பிறரால் சுட்டப்பட்டிருந்தால், பத்துக்கு அந்த நிலை எட்டப்படவில்லையென்றால், அவருடைய எண் 9. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும் பயனில்லை. நூறு கட்டுரைகளை எவரும் தொடாவிட்டாலும் பயனில்லை. இரண்டையும் ஒருசேர அளக்கும் இந்த நேர்த்தியை 2005ஆம் ஆண்டு முன்வைத்தவர் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். அவருடைய கட்டுரையை மூலத்திலேயே படித்துப் பாருங்கள், சில பக்கங்கள்தாம். இயற்பியலை மனத்தில் வைத்தே அவர் அதை எழுதினார். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இணைப் பேராசிரியராக நிலைபெறுவோருக்கு 12 அளவிலும், பேராசிரியராவோருக்கு 18 அளவிலும் இருக்கலாம் என்று கணித்தார். இயற்பியலில் அவர் கண்ட மிக உயர்ந்த எண் எட்வர்ட் விட்டனுடையது: 110. அதே கட்டுரையில் உயிர் அறிவியல்களின் பக்கம் திரும்பியபோது நரம்பியலாளர் சாலமன் ஸ்னைடருக்கு 191 வந்தது. ஸ்னைடர் விட்டனைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரிய அறிவியலாளர் என்று ஹிர்ஷ் முடிவு கட்டவில்லை. துறைக்குத் துறை எண் மாறும் என்றே எழுதினார். எண்ணைக் கண்டுபிடித்தவர் முதல் கட்டுரையிலேயே இட்ட எச்சரிக்கை, எங்கள் அலுவலகப் படிவம் வரை வந்து சேரவில்லை.

ஏன் மாறுகிறது? தோழியின் ஆய்வகத்தில் ஏழு பேர். ஒருத்தி பொருளைத் தயாரிக்கிறாள். ஒருவர் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் பார்க்கிறார். இன்னொருவர் மின்வேதி அளவீடு செய்கிறார். கட்டுரை வெளிவரும்போது ஏழு பெயர்களும் இருக்கும். அது நியாயமே, ஏழு பேரும் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கட்டுரை ஏழு பேரின் கணக்கிலும் முழுக் கட்டுரையாகவே ஏறுகிறது. இதன் எல்லையைக் காண விரும்புவோர் 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வுக் குழுக்கள் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் 5,154 பேர். முப்பத்து மூன்று பக்கங்களில் கட்டுரைக்கு ஒன்பது போக, மீதி முழுவதும் ஆசிரியர்களும் அவர்தம் நிறுவனங்களும்.

என் ஆய்வு கோலாமி மொழியின் வினைச்சொற்களைப் பற்றியது. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாலைச் சுற்றியும் பேசப்படும் நடுத் திராவிட மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரின் தாய்மொழி. ஒரு கட்டுரைக்கு வேண்டிய தரவைச் சேர்க்க எனக்கு இரண்டு பயிர்ப் பருவங்கள் கடந்தன. பருத்தி எடுக்கும் நாள்களில் யாருக்கும் என்னோடு உட்கார்ந்து பேச நேரமிருக்காது, இருக்கவும் கூடாது. பதிவுசெய்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கிப் பிரித்துப் பொருள் எழுத, பழகிய பிறகும் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதைக் கேட்டுத் தோழி ஒருநாள் உண்மையிலேயே வியந்து கேட்டாள்: "அப்போ நாலு வருஷத்துக்கு ரெண்டே பேப்பர்தானாடி?" ஆமாம், இரண்டே இரண்டு.

அந்த இரண்டையும் யார் மேற்கோள் காட்டுவார்கள்? நடுத் திராவிட மொழிகளின் வினையமைப்பில் இன்று தொடர்ந்து வெளியிட்டுவருவோர் எல்லாரையும் அழைத்தால் எங்கள் விடுதி உணவகத்தின் ஒரு நீள மேசையில் அமர்த்திச் சோறு போட்டுவிடலாம். ஆனால் ஆள் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. இது பலரும் கவனிக்காத இடம். துறை பெரிதானால் மேற்கோள் கொடுப்போர் பெருகுவதைப் போலவே மேற்கோளுக்குக் காத்திருக்கும் கட்டுரைகளும் பெருகுகின்றன. ஒரு துறையின் சராசரியை நிர்ணயிப்பவை வேறு: ஒவ்வொரு கட்டுரையும் தன் இறுதியில் எத்தனைக் கட்டுரைகளைச் சுட்டுகிறது, அவை எவ்வளவு புதியவை, அவையெல்லாம் தரவுத்தளத்துக்குள் இருக்கின்றனவா. மூலக்கூறு உயிரியலில் ஐம்பது அறுபது சுட்டுவது இயல்பு, பெரும்பாலும் அண்மைக் கட்டுரைகள். கணிதத்தில் பட்டியல் குறுகியது. பழைய தேற்றம் பழையதாகிவிடுவதில்லை. எங்கள் துறையில் சுட்டப்படுபவற்றில் பாதி நூல்கள், இலக்கணங்கள், அகராதிகள்; பல, நான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டு முன்பு வந்தவை. ஆய்விதழ்களின் தாக்கக் காரணியோ முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களை மட்டுமே எண்ணுகிறது. எமனோ தம் கோலாமி இலக்கணத்தை 1955இல் வெளியிட்டார். 'இந்தியா ஒரு மொழியியற்பரப்பு' என்ற கருத்தை அவர் நிறுவிய கட்டுரை 1956இல் வந்தது. இன்றும் தெற்காசிய மொழியியல் பயில்வோர் அதைத் தொடாமல் போக முடியாது. இரண்டாண்டுச் சாளரத்தின் வழியே பார்த்தால் அந்தக் கட்டுரை கண்ணுக்கே தெரியாது.

கருவிநூல்களின் கதை இன்னும் விந்தையானது. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரை பேரண்டத்தைப் பற்றியதோ மரபணுவைப் பற்றியதோ அன்று. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அளக்கும் முறையை 1951இல் லௌரியும் உடனாய்வாளர்களும் விளக்கிய கட்டுரை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அந்த முறையைப் பயன்படுத்திய ஒவ்வோர் ஆய்வகமும் ஒருமுறை சுட்டியதால் சேர்ந்த தொகை அது. திராவிட மொழியியலில் அதற்கு நிகரான கருவி பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1961இல் முதற்பதிப்பு, 1984இல் திருத்திய பதிப்பு, 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள். நாங்கள் அதை எப்படிச் சுட்டுகிறோம்? அகராதியின் சுருக்கப்பெயர், அடுத்துப் பதிவு எண், அவ்வளவுதான். ஒரு கட்டுரையில் நாற்பது சொற்களுக்கு நாற்பது எண்கள் இருக்கும். அகராதியின் பெயர் துணைநூற்பட்டியலில் ஒரே வரியாக வரலாம். சில வேளை சுருக்கக் குறியீட்டு விளக்கத்தோடு நின்றுவிடும், அப்போது எந்த இயந்திரமும் அதை எண்ணாது. புரதம் அளந்தவர்களுக்குச் சேர்ந்த புகழ் சொல் அளந்தவர்களுக்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு துறைகளும் நன்றி சொல்லும் முறை வேறு. எண்ணும் இயந்திரத்துக்கு ஒரு முறைதான் தெரியும்.

துறைகளுக்கிடையே மட்டுமல்ல, ஒரே துறைக்குள்ளும் இதே பள்ளம் உண்டு. எங்கள் துறையில் அடுத்த அறையில் கணினி மொழியியல் செய்கிறார்கள். அங்கே ஆய்விதழைவிடக் கருத்தரங்கத் தொகுப்புக்கு மதிப்பு அதிகம். அறிவு ஆறு மாதத்தில் பழையதாகிறது. இன்றைய மொழி மாதிரிகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பை 2017இல் எட்டுப் பேர் அறிமுகப்படுத்திய கட்டுரை லட்சத்துக்கு மேல் மேற்கோள் பெற்றுவிட்டது. அதே எட்டு ஆண்டுகளில் யாரேனும் ஒரு மொழிக்கு முழு இலக்கணம் எழுதி முடித்திருந்தால் அதுவே பெரிய சாதனை. இருவரும் மொழியியலார்; ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குபவர்கள்.

ஆதிலாபாத்துக்கு முதன்முறை சென்றபோது தங்கும் விடுதியில் இருந்தவர் "ஆதார் அவசரம்" என்றார். இவ்வளவு அவசரம் என்னவோ என்று பதறிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். அவர் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தெலுங்கில் 'அவசரம்' என்றால் 'தேவை'. ஒலி ஒன்றே, எந்த மொழிக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் வேறு. மொழியியல் முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இந்தச் செய்தியைத்தான் 9, 2 என்ற எண்களைப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். வேதியியலின் 9 வேதியியலுக்குள் மட்டுமே பொருள் தரும் சொல்.

இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு எங்கள் துறைக்காரர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1961இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் அமைப்பு மொழியியலில். வேதிப்பொருள்களின் பெயர்களை மூலக்கூறு வாய்பாடுகளாக மாற்றும் வழிமுறையே ஆய்வுப்பொருள். முன்னைத் தீர்ப்புகளைப் பின்னைத் தீர்ப்புகள் எங்கே சுட்டுகின்றன என்று தேட அமெரிக்க வழக்குரைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வைத்திருந்த ஷெப்பர்டு அட்டவணையைப் பார்த்து, அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். ஒரு கருத்து யார் கைகளில் எப்படி வளர்ந்தது, பிழையான ஒரு முடிவை யார் மறுத்தார்கள் என்று தேடிக் கண்டடைவதற்கான கருவி அது. தேடுவதற்கு இன்றும் அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. கோலாமி பற்றிய ஒரு பழைய கட்டுரையிலிருந்து அதைச் சுட்டியவர்கள், அவர்களைச் சுட்டியவர்கள் என்று இரவெல்லாம் போயிருக்கிறேன். தேடுவதற்குச் செய்த விளக்கை எடை பார்க்கும் தராசாக்கியதுதான் பிற்காலக் கதை. அதில் கார்ஃபீல்டுக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. தாக்கக் காரணியும் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்ததுதான்.

தராசு நம் பெயர்களைக்கூடச் சரியாகப் படிப்பதில்லை. தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்துதான். கடவுச்சீட்டுக்காக அதை விரித்து எழுதப்போய், ஒரு தரவுத்தளத்தில் என் கட்டுரை ஒன்று என் தந்தையார் பெயரில் நிற்கிறது. அரசுப் பேருந்தில் நடத்துநராக முப்பது ஆண்டு பணிபுரிந்தவர், கோலாமி வினைமுற்றுகளைப் பற்றி எழுதிய ஆய்வாளராகவும் ஓய்வு பெற்றிருக்கிறார். சொன்னபோது, "ரெண்டு மூணு இடத்துல ஏத்தி விடும்மா, பென்ஷன் கூடுதான்னு பாப்போம்" என்றார்.

எண்களே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. காரணம் என் தோழி. ஒன்றியத் தலைநகரம் கூடச் சிற்றூர் போலிருக்கும் ஓரிடத்தில், முதுகலை வரை தமிழ்வழித் தோழியரோடு படித்து வந்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். "எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத எந்தப் பெரிய மனுஷன் இருக்கான்? இந்த ஒம்பதுதான் என்னைப் பத்திப் பேசுது. அதையும் எடுத்துட்டா மறுபடி ஆளு பாத்துத்தான் வேலை குடுப்பாங்க" என்றாள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான். இவள் யார் மகள், எந்தக் கல்லூரி, என்ன ஆங்கிலம் பேசுவாள் என்று அங்கே எவருக்கும் தெரியாது. எண்ணில்லாத காலத்தில் நம் பல்கலைக்கழகங்களில் பணி நியமனங்கள் எவற்றைப் பார்த்து நடந்தன என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை. 'தரத்தை வல்லுநர் அறிவர்' என்ற வாக்கியம் கேட்க இனிமையானது; அந்த வல்லுநர் குழுவில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்று கேட்டால் இனிமை குறையும். அவளிடம் எனக்கு மறுமொழி இல்லை. அவளுடைய ஒன்பதை வேதியியலாளர்களின் எண்களோடு வைத்துப் பார்த்தாலும் அவள் முன்னணியில்தான் இருப்பாள். அவளுக்கு அநீதி இழைக்காமலே எனக்கும் என் துறைக்குமான கணக்கைப் போட முடியும்.

வழி தெரியாததால் நடக்காதிருக்கும் செயல் அன்று இது. 2015இல் மேற்கோளியல் வல்லுநர்களே எழுதி வெளியிட்ட லெய்டன் அறிக்கை பத்து நெறிகளைச் சொல்கிறது. துறைக்குத் துறை மாறும் வெளியீட்டு வழக்கங்களைக் கணக்கில் கொள்க என்பது ஒன்று. ஆங்கிலமல்லாத மொழிகளில், அந்தந்த வட்டாரத்துக்குரிய பொருள்களில் நடக்கும் நல்லாய்வைக் காத்திடுக என்பது மற்றொன்று. ஒருவர் தம் துறையில், தம் வயதொத்த ஆய்வாளர்களிடையே எந்த நூற்றுமானத்தில் நிற்கிறார் என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நம் நாட்டு வரலாறு வேறு பாடம் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் ஆய்வுக்குப் புள்ளிகள் வகுத்தது. புள்ளி வந்ததும் புள்ளிக்காகவே ஆய்விதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் மூன்று நாளில் ஏற்பு. 2018 மே மாதம் மானியக் குழு தன் ஒப்புதல் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்க வேண்டியதாயிற்று. பிறகு வந்த கேர் பட்டியலில் இந்திய மொழி இதழ்களுக்கும் இடமிருந்தது. அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, தரத்தை நிறுவனங்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியும் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீங்கியது. ஆயினும் பல நிறுவனங்கள் தம் விதியாக அதை வைத்திருக்கின்றன. எனக்குள்ள அச்சம் இதுதான்: தாமே முடிவுசெய்யும் பொறுப்பு கிடைத்ததும் உழைப்பில்லாத வழியை நாடி, நிறுவனங்கள் ஸ்கோபஸ் என்ற ஒரே சொல்லில் போய் நிற்கும். தமிழிலும் தெலுங்கிலும் மராத்தியிலும் எழுதப்படும் மொழியாய்வு அத்தளத்தில் பெரும்பாலும் இல்லை. ஐராவதம் மகாதேவன் குகைக் கல்வெட்டுகளை 1960களில் படிக்கத் தொடங்கி, பழந்தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய தம் பெருநூலை 2003இல் வெளியிட்டார். எங்கள் படிவத்தில் அந்த நூலை எழுதக் கட்டமே இல்லை.

நல்கை கிடைக்காததால் நான் போகாமல் இருக்கவில்லை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கோடையில் போய்வந்தேன். சொற்களைச் சரிபார்க்க வேண்டிய மூதாட்டிக்கு எண்பது கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட அவரால் இயலாது. ஆனால் என் துறையில் என்னோடு படிக்கும் இன்னொருவர், வீட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டியவர், களப்பணியைக் கைவிட்டு ஏற்கெனவே அச்சில் உள்ள தரவுகளை வைத்து ஆய்வேட்டை முடிக்கிறார். அவருக்குக் கட்டுரைகள் விரைவாக வருகின்றன. அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

இவ்வாண்டுப் படிவமும் அதே மூன்று கட்டங்களோடு வந்திருக்கிறது. எச் எண் 2 என்று எழுதிவிட்டு, 'பிற விவரங்கள்' என்ற இடத்தில் பதிவுசெய்த மணிநேரம், எழுத்தாக்கிய பக்கங்கள், தொகுத்த வினையடிகள் ஆகியவற்றைக் குறித்திருக்கிறேன். யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. அதோடு நில்லாமல் நானும் தோழியும் வேறு துறைகளின் நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு மனு அணியம் செய்கிறோம்: தரவரிசை துறைவாரியாக இருக்கட்டும், நூல், அகராதி, தரவுத்தொகுப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டம் வேண்டும். வேதியியல் பக்கத்தை அவளே எழுதுகிறாள்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் துறையில், ஆய்வேடு முடிக்கும் நிலையிலுள்ள ஒருவருக்கு இயல்பாக எத்தனைக் கட்டுரைகள் இருக்கும், ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை ஆசிரியர்கள், எவ்வளவு காலம், எச் எண் எந்த அளவில் என்று எழுதுங்கள். பெயரும் நிறுவனமும் வேண்டாம். துறையும் உட்துறையும் போதும். மாத இறுதிக்குள் வந்தால் மனுவோடு இணைத்துவிடுவோம்.